கேள்விக்கு முன் நிற்கும் சொல்



அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், உயிரியல் பயிலும் மாணவர் நான்காம் ஆண்டில் ‘சீனியர் செமினார்’ என்னும் கருத்தரங்க வகுப்பைக் கடந்தே பட்டம் பெறுகிறார். அங்கே பயிலும் நம் சபை மகள் ஒருத்தி, அவ்வகுப்பின் நிபந்தனைகளை அண்மையில் எனக்கு விவரித்தாள். இறையியற் கல்லூரியில் வேத விளக்கம் பயின்ற எனக்கு அவை அயலாகத் தோன்றவில்லை.

அங்கே பாடநூலை ஒப்புவித்தால் போதாது. மாணவர் மூல ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தெரிந்துகொண்டு, ஆய்வாளர் எழுப்பிய கேள்வி யாது, சோதனை எவ்விதம் நடந்தது, வரைபடங்கள் உண்மையில் எதைக் காட்டுகின்றன என்பவற்றைத் தம் சொற்களில் விளக்க வேண்டும். பின்பு வகுப்பார் தொடுக்கும் கேள்விகளுக்கு நின்று பதிலளிக்க வேண்டும். பிறர் பேசும் நாளிலும் கடமை உண்டு. அவர்களுடைய கட்டுரையை முன்னரே வாசித்து, கேள்வியோடு வரவேண்டும். எழுதித் தரும் ஆய்வுரையில் ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் காட்டவேண்டும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு? 1998-இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடன் ஆய்வாளரும் எழுதிய கட்டுரையை எண்ணிப் பாருங்கள். எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அது கிளப்பியது. ஆராயப்பட்ட குழந்தைகள் 12 பேர் மட்டுமே. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. “எத்தனை பேர்? யாரோடு ஒப்பிட்டீர்கள்?” என்னும் இரண்டு கேள்விகளே அதன் பலவீனத்தை வெளிப்படுத்தும். 2002-இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, அத்தகைய தொடர்பைக் காணவில்லை. 2010-இல் லான்செட் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் பெற்றோர் பலர் அஞ்சினர். பிரிட்டனில் தடுப்பூசி போடுவது குறைந்தது. தட்டம்மை மீண்டும் தலைதூக்கியது.

பிரியமானவர்களே, அந்த அச்சத்தைப் பரப்பிய பெற்றோர் பொய்யர் அல்லர், பிள்ளைகளை நேசித்தவர்கள். ஆயினும் ஆராயாத சொல், நேசத்தோடு சொல்லப்பட்டாலும் தீங்கு செய்கிறது. நம் கைப்பேசிக்கு வரும் மருத்துவச் செய்தியை, “எல்லாருக்கும் பயன்படட்டும்” என்று சபைக் குழுவில் அனுப்புமுன், அந்த மாணவர் கேட்கும் கேள்விகளை நாமும் கேட்கலாமே. சொன்னவர் யார்? ஆதாரம் எங்கே? எத்தனை பேரிடம் கண்டறியப்பட்டது?

ஆராய்வது அவிசுவாசம் அன்று. பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையைக்கூட வேதவாக்கியங்களோடு தினந்தோறும் ஒத்துப் பார்த்தார்கள். அதற்காக அவர்கள் கடிந்துகொள்ளப்படவில்லை, நற்குணசாலிகள் என்றே பெயர் பெற்றார்கள்.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு ஆராதனைக்குரிய வேதபகுதியை வீட்டிலேயே வாசித்து வாருங்கள். நான் சொல்வது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து கேளுங்கள். பிரசங்க பீடத்தில் நிற்பவனுக்கும் அந்தக் கேள்வி தேவை.