இன்னும் அரை டம்ளர்!

எங்கள் அப்பா யாரையும் வாய்விட்டுப் புகழ மாட்டார். "சாம்பார் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "சாப்பிட்டேனே, தெரியவில்லையா?" என்பார். காப்பிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. மனசுக்குப் பிடித்துவிட்டால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் அரை டம்ளர் இருக்குமா?" என்று கேட்பார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அம்மா வாங்கிய நற்சாட்சிப் பத்திரங்கள் எல்லாம் இந்த அரை டம்ளர்கள்தான்.

அம்மா காலமான பிறகு அப்பாவை நான் சென்னைக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். வந்து ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷத்தில் ஒரு நாளாவது அவர் அந்த அரை டம்ளரைக் கேட்கவேண்டுமே! ஊஹும். டம்ளரில் பாதி மிச்சம் வைக்க ஆரம்பித்தார். அப்புறம் ஒரு நாள், "இனிமேல் எனக்குக் காப்பி வேண்டாம் அம்மா, வெந்நீர் போதும்" என்றார். எனக்குத் திக்கென்றது. வயதானவர்கள் ஒவ்வொன்றாக "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்ல ஆரம்பித்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறதா, இல்லையா?

அப்பா நீலகிரியில் குந்தா மின்திட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1977-ல் மலை ஏறியவர், 2013-ல் ஓய்வு பெற்ற பிறகும் இறங்கி வரவில்லை. குந்தா தாலுகாவுக்குத் தலைமையிடமான மஞ்சூரில் ஒரு சின்ன வாடகை வீடு. ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம். மூடாவிட்டால் மேகம் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும்!

அவருக்குச் சர்க்கரை வியாதி புதிதல்ல. மஞ்சூரில் பத்து வருஷமாகச் சர்க்கரை போடாத காப்பிதான் சாப்பிட்டார். ஆனால் அங்கே அது தித்தித்தது. இங்கே அதே சர்க்கரை இல்லாத காப்பி கஷாயமாகக் கசந்தது. ஏன்?

பொடிதான் காரணம் என்று முடிவு கட்டினேன். கடை மாற்றினேன். ஒரு பழத்தில் இரண்டுக்குப் பதிலாக ஒற்றை உருண்டைக் கொட்டையாக விளைகிறதே, அந்தப் பீபெரி வாங்கிப் பார்த்தேன். சிக்கரிக்கு இயற்கையிலேயே கொஞ்சம் தித்திப்பு உண்டு என்று யாரோ சொன்னார்கள். வாஸ்தவந்தான், வேரை வறுக்கும்போது அதிலுள்ள சர்க்கரை கருகித் தித்திப்பு வாசனை கொடுக்கும். ஆகவே நூற்றுக்கு 20 போட்டுக்கொண்டிருந்த சிக்கரியை 40 ஆக்கினேன். டிகாக்ஷன் தார் மாதிரி இறங்கியது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "ரோடு போடவா அம்மா?" என்று கேட்டார்.

என் அவஸ்தையைப் பார்த்து, காரியாலயத் தோழி ஒருத்தி ஒரு கருவி கொண்டுவந்து கொடுத்தாள். ஆலன் ஆட்லர் என்ற அமெரிக்கர் 2005-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கையடக்கமான காப்பிக் குழாய் அது. வீசினால் வெகு தூரம் பறக்கும் விளையாட்டு வளையத்தைக் கண்டுபிடித்தவரும் இவரேதான். குழாயில் பொடியைப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்கி, கையால் அழுத்தினால் இரண்டு நிமிஷத்துக்குள் காப்பி தயார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறதா?" என்றார். அதில் போட்ட காப்பியில் கசப்பு குறைவாகத்தான் இருந்தது, ஆனாலும், "டவரா இல்லாமல் ஒரு காப்பியா!" என்று ஒதுக்கிவிட்டார்.

அதோடு வந்த குறிப்பில் ஒரு வரி மட்டும் என் மனசில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கொதிக்கக் கூடாதாம். 80 டிகிரிச் சூடு போதுமாம்! தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஃபில்டரில் கவிழ்ப்பதல்லவா நம் வழக்கம்? இந்த வெள்ளைக்காரர்களுக்கு என்ன தெரியும் என்று அலட்சியமாக இருந்துவிட்டேன்.

போன மாதம் மஞ்சூர் வீட்டைக் காலி செய்து, சாவியை ஒப்படைத்துவிட்டு வரலாமென்று புறப்பட்டேன். அப்பாவிடம் சொன்னபோது, "உன் இஷ்டம்" என்றார். அவ்வளவுதான்.

கோயமுத்தூரிலிருந்து காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை வழியாகப் பஸ். 43 கொண்டை ஊசி வளைவுகள்! யானைகள் குறுக்கே வந்தால் பஸ்தான் மரியாதையாக நிற்கவேண்டும். கெத்தையில் மலைச்சரிவோடு இறங்கும் ராட்சசக் குழாய்களைக் கண்டதும் அப்பா ஞாபகம் வந்தது. சிறு வயதில் அவர் எனக்குக் குந்தாத் திட்டத்தைக் காப்பி பாஷையில்தான் விளக்குவார். கொழும்புத் திட்டத்தில் கனடா தேசத்தின் உதவியோடு கட்டி, 1960-ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய திட்டம் அது.

"அவலாஞ்சி, எமரால்டு அணைத் தண்ணீர் இருக்கிறதே, அது குந்தா மின்நிலையத்தில் விழுந்தால் முதல் டிகாக்ஷன். அதே தண்ணீர் கெத்தையில் இரண்டாம் டிகாக்ஷன், பரளியில் மூன்றாவது, பில்லூரில் நாலாவது. அப்புறம் பவானியாக ஓடிச் சமவெளிக்குப் போகிறது. நாலு தடவை இறக்கினாலும் சக்தி குறையாத டிகாக்ஷன் உலகத்திலேயே இது ஒன்றுதான்!" என்பார்.

மஞ்சூரில் பகலிலேயே பனிமூட்டம். எதிர்வீட்டு அக்கா படுகர் குடும்பம். சொந்தமாகத் தேயிலைத் தோட்டம் உண்டு. தேயிலை ராஜ்யத்தில் போய்க் காப்பி கேட்பது நாகரிகமா? நான் கேட்கவில்லை. அவர்களே, "அப்பா மகளுக்குக் காப்பிதானே?" என்று உள்ளே போனார்கள். பின்னாலேயே போனேன். அடுப்பு மேடையில் இருந்தது எங்கள் அம்மாவின் ஃபில்டர்! இரண்டு பேருக்குப் போதுமான குட்டிப் பித்தளை ஃபில்டர். ஊரைவிட்டு வரும்போது அப்பா அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், என்னிடம் மூச்சுவிடவில்லை.

அக்கா முதலில் வெறும் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிக் கொட்டினார்கள். பிறகு பொடியைப் போட்டு, காம்பு வைத்த தட்டால் லேசாகச் சமன் செய்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடினார்கள்.

"தளதளவென்று கொதிக்கிறதையா ஊற்றுகிறீர்கள் அக்கா? கசக்காதா?"

"குந்தாக் குளிரில் வேறு எப்படி ஊற்றுவது? ஃபில்டரையும் சுடவைக்காவிட்டால் ஒன்றுமே இறங்காதே!"

இருபது நிமிஷம் கழித்து அந்தக் காப்பியைக் குடித்தேன். சர்க்கரை இல்லை, தித்தித்தது. சாட்சாத் அம்மா கைக் காப்பி!

அப்போதுதான் என் மண்டையில் மின்சாரம் பாய்ந்தது. கல்லூரியில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். என்ன பிரயோஜனம்? ஆயிரம் அடி உயரம் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும் என்பது முதல் வருஷப் பாடம். ஆறாயிரம் அடிக்கு மேலிருக்கும் மஞ்சூரில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. சென்னையிலோ முழு 100! அம்மா கல்லூரி வாசலை மிதித்தவள் அல்ல. அவளுக்காக மலையே தண்ணீரைப் பதமாக ஆற்றிக் கொடுத்திருக்கிறது.

காப்பிப் பொடியிலிருந்து ருசிகள் ஒரே சமயத்தில் வெளிவருவதில்லை. முதலில் புளிப்பு, அப்புறம் தித்திப்பு, கடைசியில்தான் கசப்பு. தண்ணீர் சூடு போதாவிட்டால் புளிப்போடு நின்றுவிடும். சூடு மிஞ்சினாலும், பொடி மாவாக அரைபட்டிருந்தாலும், கசப்பு முந்திக்கொள்ளும். நானோ அவசரத்தில் நைஸ் பொடி வாங்கி, கொதிநீரைக் கவிழ்த்து, சிக்கனத்துக்காக இரண்டாந்தரமும் தண்ணீர் ஊற்றி, இரண்டு டிகாக்ஷனையும் ஒன்றாகக் கலந்து கொடுத்திருக்கிறேன். இதை அக்காவிடம் சொன்னேன். "இரண்டாவதா? அது பாத்திரம் கழுவின தண்ணீர் அம்மா!" என்று சிரித்தார்கள்.

சாமான்களைக் கட்டலாமென்று வீட்டைத் திறந்தேன். ஜன்னல் ஓரம் அப்பாவின் நாற்காலி. அதன் கைப்பிடியில் டம்ளர் வைத்து வைத்து ஒரு வட்டம் விழுந்திருந்தது. வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு கதவைப் பூட்டினேன். வீட்டுக்காரரிடம் சாவிக்குப் பதிலாக மூன்று மாத வாடகையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சென்னை திரும்பிய மறுநாள் விடியற்காலை பரீட்சை. அக்கா திருப்பிக் கொடுத்த அம்மாவின் ஃபில்டர். நடுத்தரமாக அரைத்த பொடி, சிக்கரி பழையபடி 20. குவித்து மூன்று மேஜைக் கரண்டிப் பொடி போட்டு, தட்டை அழுத்தாமல் வைத்தேன். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு நிமிஷம் ஆறவிட்டேன். அதில் முக்கால் டம்ளர் எடுத்து, முதலில் பொடி நனையுமளவு ஊற்றி, அரை நிமிஷம் கழித்து மிச்சத்தைச் சுற்றிலும் மெதுவாக ஊற்றி மூடினேன். தட்டவில்லை, குலுக்கவில்லை, அதன் போக்கில் சொட்டவிட்டேன். டிகாக்ஷன் இறங்கும் நேரத்துக்குச் சரியாகப் புதுப்பாலை ஒரே கொதியில் இறக்கினேன். சுண்டக் காய்ச்சி ஆடை கட்டிய பால் காப்பியின் மணத்தை விழுங்கிவிடும். பாலிலேயே இயற்கையான சர்க்கரை உண்டு. ஆகையால் அளவோடு, ஒரு பங்கு டிகாக்ஷனுக்கு மூன்று பங்கு பால். டிகாக்ஷனை மட்டும் மறுபடி அடுப்பில் வைக்கவில்லை. நமது இல்லத்தரசிகள் பாதிப் பேர் செய்யும் தப்பு அதுதான், நானும் செய்தவள்தான்.

டவராவில் ஆற்றிக் கொண்டுபோய் வைத்தேன். "வெந்நீர் கேட்டேனே?" என்றார் அப்பா.

"ஒரு வாய் பாருங்கள் அப்பா."

பார்த்தார். இரண்டாவது வாய்க்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே மேகம் இல்லை, எதிர் மாடியின் தண்ணீர்த் தொட்டிதான்.

"வீட்டைக் காலி பண்ணிட்டியா?" என்று மெல்லக் கேட்டார்.

சாவியை எடுத்து டவரா பக்கத்தில் வைத்தேன். "சித்திரை, வைகாசி வெயிலுக்கு நீங்கள் அங்கே இருங்கள். அக்கா பார்த்துக்கொள்வார்கள். நானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன்."

அப்பா சாவியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். நன்றி என்றெல்லாம் சொல்கிற ரகமா அவர்? காலி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் அரை டம்ளர் இருக்குமா?"