காட்டைப் பார்த்துக்கொண்டவர்கள்

டெல்லி எல்லையில் உழவர்கள் உட்கார்ந்திருந்த ஓராண்டும் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரே கேள்விதான். "இத்தனை மாசம் ரோட்டுல கெடந்தா வெள்ளாமைய யாரு பாக்கறது? இவங்க நெஜ விவசாயிகதானா?" கேட்டவர்களில் பாதிப்பேர் தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள். எனக்குச் சுருக்கென்றது அதனால்தான்.

கேள்வி நல்ல கேள்விதான். பதிலுக்குக் காத்திருக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

2020 நவம்பர் கடைசியில் பஞ்சாப், ஹரியானா டிராக்டர்கள் டெல்லி எல்லையிலுள்ள சிங்குவுக்கும் டிக்ரிக்கும் வந்து நின்றன. காலத்தைக் கவனியுங்கள். நெல் அறுத்து மண்டியில் போட்டாயிற்று, கோதுமையும் விதைத்தாயிற்று. மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களால், அரசு கொள்முதல் செய்யும் அந்த மண்டியே நாளை இருக்காதோ என்ற பயம்தான் அவர்களைக் கிளப்பியது. அறுப்பு ஏப்ரலில். இடையில் தண்ணீர் கட்ட வேண்டும், உரம் போட வேண்டும். அதற்கு ஊர் ஊராக முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டம் எல்லைக்குப் போகும். அது திரும்பினதும் அடுத்த கூட்டம். போனவர் வயலை இருப்பவர் பார்த்துக்கொள்வார். ஊரிலிருந்து பாலும் மாவும் எல்லைக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2021 நவம்பர் 19 அன்று அந்த மூன்று சட்டங்களையும் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவிக்கும் வரை இந்த முறை நிற்கவில்லை.

பங்குக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அண்ணன் தம்பி நாலு பேருக்கு ஒரு கிணறு என்றால், இன்று உன் முறை, நாளை என் முறை. பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள்கூட முறையை மட்டும் மீறமாட்டார்கள்.

கோயமுத்தூர்ப் பக்கம் எங்களுக்கும் ஒரு போராட்டக் காலம் உண்டு. 1970-ல் யூனிட் எட்டுப் பைசாவாக இருந்த கரண்டைப் பத்தாக்கினார்கள். இரண்டு பைசாவுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று டவுனில் சிரித்தவர்கள் உண்டு. மாடு கட்டிக் கவலை ஓட்டி இறைத்ததை விட்டுவிட்டு மோட்டாருக்கு மாறியிருந்த காலம் அது. எங்கள் கிணறுகள் ஆழம். மணிக்கணக்கில் ஓடினால்தான் ஒரு வயல் நனையும். பருத்திக்கு விலை வைப்பவன் ஒருவன், கரண்டுக்கு விலை வைப்பவன் இன்னொருவன். நடுவில் நாங்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னால் ஊரே திரண்டது. அந்த ஆண்டு ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு. மூன்று விவசாயிகள் செத்தார்கள். பிறகு ஒரு பைசா குறைந்தது.

1972-ல் மறுபடியும் ஏற்றினார்கள். மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய்க் கோயமுத்தூர் ரோடுகளை அடைத்தது அப்போதுதான். ஆளைத் தூக்கி வேனில் போடலாம். மாட்டை அவிழ்த்துவிட்ட வண்டியை என்ன செய்வது? அந்த யோசனையைச் சொன்ன மூளைக்கு ஒரு கும்பிடு. போட்டோக்களில் வண்டிகளும் தலைப்பாகைகளும் தெரியும். வீட்டிலிருந்தவர்கள் எந்தப் போட்டோவிலும் இல்லை.

அப்பா வண்டியோடு போயிருந்த இரவுகளில் அம்மாதான் ராந்தலும் மண்வெட்டியுமாகத் தோட்டத்துக்குப் போவார். பாத்தி நிறைந்ததும் ஒரு வெட்டு மண்ணெடுத்து மடையை அடைத்து, அடுத்ததைத் திறக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் வரப்பு உடையும், முந்தினால் கடைசிப் பயிர் வாடும். கால் விரலிடுக்கில் தண்ணீரின் குளிர் ஏறுவதை வைத்தே பாத்தி நிறைந்ததைச் சொல்லிவிடுவார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா தன் முறையில் அரை நாளை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அவர் கூட்டத்துக்கும் போனதில்லை, சங்கத்துக்கும் சந்தா கட்டியதில்லை. அவரையும் போராடியவர் கணக்கில்தான் நான் சேர்ப்பேன்.

எண்பதுகளில் சிறு விவசாயிகளுக்கும் 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. எந்தக் கட்சி கொடுத்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அது அவர்கள் பாடு.

நான் கேட்பது வேறு. விவசாயி என்று சர்க்கார் யாரை எண்ணுகிறது? 2019 முதல் மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகப் போடுகிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்குத்தான் அது. குத்தகைக்கு உழுகிறவருக்குக் கிடையாது. அப்பா, அண்ணன் பேரிலேயே பட்டா கிடக்க, களையெடுத்தும் தண்ணீர் கட்டியும் பாதி வாழ்நாளைக் கழித்த பெண்களுக்கு விவசாயி என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அடுத்த முறை எந்தச் சங்கம் கோரிக்கை மனு எழுதினாலும், விலைக்கும் கரண்டுக்கும் அடுத்தபடியாக, இவர்களையும் விவசாயி என்று எண்ணச் சொல்லி ஒரு வரி எழுதட்டும். மனுவைத் தூக்கிக்கொண்டு போகிறவர் காட்டுக்கு அன்றைக்கும் யாரோ ஒருவர்தான் தண்ணீர் கட்டப்போகிறார்.