அறுந்துபோக வேண்டிய நூல்

மட்டக்களப்புக் கடலில மூழ்கின கப்பல் எண்டு சொன்னா எல்லாருக்கும் ஞாபகம் வாறது ஹேர்மிஸ். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, நல்ல பயிற்சி உள்ள சுழியோடிகளுக்கு மட்டுந்தான் சரிவரும். அதே நாளில மூழ்கின பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலைப் பற்றி ஆரும் பெரிசாக் கதைக்கிறதில்லை. அது கல்குடா, பாசிக்குடாப் பக்கம் ஏறத்தாழ 25 மீற்றரில கிடக்கு. ஆழம் குறைவு என்பதால் தூண்டில் போடுறவங்களும் வாறாங்க, சுழியோட வாறவங்களும் வாறாங்க. எல்லாருடைய நங்கூரமும் அங்கதான் விழுது.

என்ட மாமா சுழியோடிகளை ஏத்திப் போற போட் வச்சிருக்கார். நான் கம்பஸில வரலாறு படிக்கிறன். அந்த ஏப்ரல் 9 பற்றி ஒரு ஒப்படை எழுத அவரிட்டக் கேட்டா, நான் குண்டு விழுந்ததைக் கேட்கிறன், அவர் கயிற்று நீளம் சொல்றார். கொஞ்சம் எரிச்சலாத்தான் இருந்தது. மறுகா அதுதான் எனக்குப் பிடிச்சுப் போச்சு.

கப்பலுக்கு மேல நங்கூரம் போடவே கூடாது என்பார். எண்பது வருசத்துக்கு மேல உப்புத் தண்ணிக்குள்ள கிடந்த இரும்பு அது. கொளுக்கி ஒரு தகட்டில மாட்டினா, இஞ்சினைக் குடுத்து இழுக்கக்குள்ள தகடு கிழிஞ்சு வரும். அதுக்குக் கீழ இருந்த களவா மீனுக்கு வீடு போச்சு. தகடு வராட்டி நங்கூரம் போச்சு. ஆகவே பக்கத்து மணலில, நீரோட்டம் வாற பக்கமாப் போடவேணும்.

கயிறு நேரா நிண்டா ஒவ்வொரு அலைக்கும் நங்கூரம் மேல எழும்பும். சரிஞ்சு கிடந்தால்தான் மணலைப் பிடிக்கும். ஆழத்தைப் போல அஞ்சு மடங்கு எண்டா 125 மீற்றர். "அவ்வளவு கயிற்றையும் ஏத்தினா ஆக்களை எங்க புள்ள இருத்துற?" அதால கடல் அமைதியான நாளில மூண்டு மடங்கு விட்டு, அடியில சில மீற்றருக்குப் பாரமான சங்கிலி போடுவார். சங்கிலி நங்கூரத்தைப் படுக்க வைக்கும். துருப்பிடிச்ச விளிம்பு நைலோன் கயிற்றை அறுக்கிற மாதிரி அதை அறுக்கவும் ஏலாது.

காலையில கரைக்காத்து போட்டைக் கடல் பக்கம் தள்ளும். மத்தியானம் கடற்காத்து மறுபக்கம் திருப்பும். போட் சுத்தக்குள்ள கயிறும் சேர்ந்து சுத்தி, கப்பலுக்கு மேலால இழுபட்டுப் போகும். அதனால காலைக் காத்தை மட்டும் பார்த்து இடம் எடுக்கக்கூடாது. போட் நகருதா எண்டு அறிய, கரையில கிட்ட ஒரு தென்னையையும் தூரத்தில ஒரு மலையையும் ஒரே கோட்டில பிடிச்சு வச்சிருப்பார். கோடு குலைஞ்சா நங்கூரம் இழுபடுது. கீழ ஆக்கள் இருக்கக்குள்ள அது விளையாட்டில்லை. மேல வாறவங்களுக்கு போட்டைக் காணக்கிடைக்காது.

நங்கூரம் இழுபட்டு ஒரு கப்பலே போன கதையும் நம்மட நாட்டில இருக்கு. 1659இல காலித் துறையில நிண்ட டச்சுக் கப்பல் அவொண்ட்ஸ்டர், இரவில நங்கூரம் கழண்டு கரைப்பக்கம் ஒதுங்கி மூழ்கினது. மாமாவுக்கு இதைச் சொன்னன். "அண்டைக்குக் காவலுக்கு ஆர் நிண்டது?" எண்டு கேட்டார். என்னிட்டப் பதில் இல்லை.

அவருக்குப் பிடிச்ச வழி நங்கூரமே போடாமல் விடுறது. ஒரு கல்லையும் வெறும் பிளாஸ்டிக் கானையும் கயிற்றில கட்டி, கப்பலுக்குப் பக்கத்து மணலில இறக்குவார். சுழியோடிகள் அந்தக் கயிறு வழியா இறங்குவாங்க. போட் சும்மா பக்கத்தில நிக்கும். ஆனா இதுக்கு எண்ணெய் செலவு. தூண்டில் போடுறவங்களுக்கு அது கட்டாது, மணித்தியாலக் கணக்கா ஒரே இடத்தில நிக்க வேணும். அவங்களைக் குறை சொல்லிட்டுப் போறது எனக்குச் சரியாப் படல்ல. நிரந்தரமா ஒரு மிதவை இருந்தா ரெண்டு பகுதியும் அதில கட்டலாம். வாடைக்கடல் அதை விட்டு வைக்காது என்கிறார் மாமா. வருசத்துக்கு ஒருக்காப் புதுசாப் போட்டா என்ன எண்டு நான் கேட்கிறன். காசு ஆர் குடுக்கிற எண்டதில கதை நிண்டுபோகும்.

நங்கூரம் போட்டே ஆகவேணும் எண்டா ஒரு வேலை செய்வார். சங்கிலியை நங்கூரத்தின் தலையில பூட்டாமல் அடியில பூட்டி, தண்டு வழியாக் கொண்டுவந்து, தலையில மெல்லிய நூலால மட்டும் கட்டுவார். எங்கயாவது சிக்கினா, பலமா இழுக்க நூல் அறுந்துபோகும். பிறகு இழுவை அடிப்பக்கத்தால வரும், நங்கூரம் பின்பக்கமாக் கழண்டு வந்திரும். நூல் தேவையில்லாத நேரத்திலயும் அறலாம் என்பதால் போட்டில ஒரு ஆள் கட்டாயம் இருக்கும், எல்லாரும் தண்ணிக்குள்ள குதிக்கிற வேலை இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் பழைய நூலை வெட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு கட்டுவார். போன முறை அந்த முடிச்சைப் போட்டது நான்தான். ரெண்டு சுத்து கூடிப்போச்சு எண்டு ஒரு சுத்தைக் கழட்டச் சொன்னார்.