கையில் நின்றது எவ்வளவு?

'வருஷத்துக்கு ஒரு கோடி வியாபாரம் சார்' என்று மார்தட்டுகிற கடைக்காரரிடம், 'செலவு போக எவ்வளவு நிக்குது?' என்று கேட்கத்தான் பி.காம். வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். பிராசஸர் வாங்கும்போதும் கேட்கவேண்டியது அதுதான்.

கிகாஹெர்ட்ஸ் என்பது வெறும் விற்றுமுதல். ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு நூறு கோடித் துடிப்பு. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது? அதைச் சொல்லாது. பென்டியம் 4-ஐவிட ஏ.எம்.டி.யின் அத்லான் ஒரு துடிப்பில் அதிக வேலை செய்யும். ஆனால் பெட்டியில் போட்ட எண் சின்னது. ஜனங்கள் எண்ணைத்தானே பார்ப்பார்கள்? 2001-ல் 1.53 கிகாஹெர்ட்ஸ் சிப்புக்கு 'அத்லான் எக்ஸ்பி 1800+' என்று பேர் வைத்துவிட்டார்கள்!

சரி, துடிப்பை விடுங்கள். ஒரே வேலையை இரண்டு சிப்புக்கும் கொடுத்து நேரம் பார்த்தால்? அதுதான் பெஞ்ச்மார்க். 1988-ல் இதற்கென்றே ஸ்பெக் என்ற அமைப்பு உருவானது. நிஜ புரோகிராம்களை ஓடவிட்டு மார்க் போடுவார்கள். ஆடிட் மாதிரி.

ஆடிட் என்று வந்தால் ஜோடனையும் வருமே! மார்ச் 31-க்கு முன்னால் கணக்குக்குப் பவுடர் பூசுகிற வித்தைக்கு 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று பெயர். 2013-ல் ஒருவகை சாம்சங் கேலக்ஸி எஸ்4 போனில், சில பெஞ்ச்மார்க்குகள் ஓடும்போது மட்டும் கிராபிக்ஸ் சிப் 533 மெகாஹெர்ட்ஸுக்குப் போனது. கேம் ஆடினால் 480தான். 2024-ல் இன்டெல் சிப்கள் வாங்கிய 2,600-க்கும் மேற்பட்ட மார்க்குகளை ஸ்பெக் ஏற்க மறுத்தது. புரோகிராமை சிப்புக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர், ஒரு கேள்வியை மட்டும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்த மாதிரி நடந்துகொண்டதாம். கேள்வித்தாள் தெரிந்த பையன் சென்டம் வாங்குவதில் ஆச்சரியமென்ன?

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர், மகளுக்கு லேப்டாப் வாங்கச் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கையில் பெஞ்ச்மார்க் பட்டியல். நாலு சதவீதம் கூடுதல் மார்க்குக்குப் பதினெட்டாயிரம் கூடுதல் விலை.

"பாப்பா என்ன படிக்கப்போகுது?"

"உங்க பி.காம்.தான் சார்."

"டேலி, எக்செல்தானே? ஒரு பெரிய எக்செல் ஃபைலைப் பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போங்க. ரெண்டுலயும் அவளையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க."

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இரண்டிலும் வித்தியாசமே தெரியவில்லையாம். விலை குறைந்ததையே வாங்கியிருந்தார்கள்.

பதினெட்டாயிரம் கையில் நின்றது.