வராமல் போனவர்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மிகக் கசப்பான தோல்விகளில் சில ஆடுகளத்தில் நிகழ்வதில்லை. ஏதோ ஓர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக்கூடத்தில் ஒரு மேசை. அதன் மேல் மூன்றோ நான்கோ தொப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பல்கலைக்கழகத்தின் சின்னம். மேசைக்குப் பின்னால் பதினேழு வயதுப் பையன், ஒருபுறம் அம்மா, மறுபுறம் பள்ளிப் பயிற்சியாளர். பையனின் கை ஒரு தொப்பியின் அருகே போய்ச் சற்றே நிற்கிறது. குறும்பு உள்ளவன் என்றால் அதைத் தொட்டுவிட்டுப் பக்கத்துத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வான். கைதட்டல். எடுக்கப்படாத தொப்பிகளின் ஊர்களில் அன்றிரவு பலருக்குச் சோறு இறங்காது.

அப்படிச் சோறு இறங்காதவர்களில் நாங்களும் உண்டு. முதுகலை படிக்கப் போன நாங்கள் நால்வர், மாணவர்களுக்கு மலிவாகக் கிடைத்த நுழைவுச்சீட்டுக்காகவும், பனிக்காலத்தில் மாலை வேளையைக் கழிக்க வேறு கதகதப்பான இடம் இல்லாததாலும் இந்த ஆட்டத்துக்குள் வந்து சேர்ந்தோம். ஆட்டம் புரிய ஒரு பருவம் பிடித்தது. ஆட்சேர்ப்பு புரிய மூன்று பருவங்கள் ஆயின. புரிந்த பிறகு, ஆட்டத்தைவிட அதுவே எங்களை அதிகம் பிடித்துக்கொண்டது.

அதன் இலக்கணத்தை நம்மவர்களுக்கு விளக்குவது எளிது. பெண் பார்க்கும் படலம்தான். பயிற்சியாளர் கைப்பட எழுதும் கடிதங்கள், கோடைக்காலப் போட்டிகளில் பையனின் கண்ணில் படும்படி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது, வீட்டுக்குப் போய்ப் பாட்டி சுட்ட கேக்கைப் புகழ்ந்து சாப்பிடுவது, எல்லாம் உண்டு. பையன் வாய்வார்த்தையாகச் சம்மதம் சொல்வது ஜாதகம் பொருந்திய கட்டம். எந்த நேரமும் முறியலாம். ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடுவது தட்டு மாற்றிக்கொள்வது. ஒரு வித்தியாசம் உண்டு. ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட உதவித்தொகை இடங்கள் பல்லாண்டுகளாகப் 13 மட்டுமே. ஒரு பையனுக்காக ஓர் இடத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தால், அந்த இடத்தை நம்பியிருக்கும் மற்றவர்களும் கூடவே காத்திருக்க வேண்டும்.

எங்கள் காலத்தில் அப்படி ஒருவன் வந்தான். பெயர் வேண்டாம், இப்போது முப்பது கடந்து எங்கோ நிம்மதியாக இருப்பார். ஏழடி உயரம். இரண்டு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் வீடு. பல்கலைக்கழகத்தைப் பார்க்க வந்த அந்த வார இறுதியில், எங்கள் அணியின் இருக்கைகளுக்குப் பின்வரிசையில் பெற்றோருடன் உட்கார்ந்திருந்தான். இடைவேளையில் மாணவர் பகுதி முழுவதும் எழுந்து அவன் பெயரைத் தாளத்தோடு கூவியது. நாங்களும் கூவினோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் பேசினோம். எங்களில் ஒருவர், ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டின் ஐந்து ஆட்டக்காரர்களைத் தாளில் வரைந்து வரைந்து அழித்தார்.

அவன் வேறு தொப்பியை எடுத்தான். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.

அதே மாநிலத்தில் இன்னொரு பையன் இருந்தான் என்பதைப் பின்னர்தான் உள்ளூர்ப் பத்திரிகையில் படித்தோம். சற்றே குள்ளம், சற்றே மெதுவான கால்கள், நல்ல கைகள். ஏழடிக்காரனின் முடிவு தெரியும்வரை பொறு என்று அவனிடம் சொல்லப்பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் பொறுத்தவன், சலித்துப்போய் ஒரு சிறிய கல்லூரிக்குக் கையெழுத்திட்டுவிட்டான். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கல்லூரி எங்கள் அரங்குக்கு ஆட வந்தது. நாங்கள் வென்றோம். ஆனால் அன்று களத்தில் பந்தை மிக அழகாகக் கடத்திக் கொடுத்தவன் அவன்தான். ஆட்டம் முடிந்ததும் கூரையில் தொங்கிய வெற்றிப் பதாகைகளைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனான். ஏழடிக்காரனுக்காகத் துக்கம் கொண்டாடிய எங்களுக்கு, இவனுக்காக வருந்த வேண்டும் என்று அதுவரை தோன்றியதே இல்லை.

மறுத்தவர்களை ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கிறார்கள். கேட்கப்படாதவர்களுக்கு அந்த மரியாதை கிடையாது, ஸ்டீஃபன் கரி போன்ற ஒருவர் தோன்றினாலொழிய. அவருடைய தந்தை டெல் கரி, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம். மகனும் அங்கே ஆடவே விரும்பினார். ஒல்லி, உயரம் போதாது என்று எண்ணிய அப்பல்கலைக்கழகம் உதவித்தொகை தர முன்வரவில்லை. வேண்டுமானால் சொந்தச் செலவில் படித்துக்கொண்டு அணியில் சேரலாம் என்றது. அவர் 2000 மாணவர்கள்கூட இல்லாத டேவிட்சன் கல்லூரிக்குப் போனார். 1969-க்குப் பிறகு தேசியப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட வெல்லாத அக்கல்லூரி, 2008-இல் கான்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் மூன்றையும் வீழ்த்தியது. அடுத்த ஆட்டத்தில் கான்சஸிடம் 59-57 என்று தோற்றது. அவ்வாண்டின் பட்டம் வென்ற அணி கான்சஸ்.

ஷான் லிவிங்ஸ்டன் கதை வேறு வகை. டியூக் பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்திட்டவர். தட்டு மாற்றியாகிவிட்டது. பிறகு 2004-இல் கல்லூரியே வேண்டாமென்று நேரே என்பிஏவுக்குப் போய்விட்டார், நான்காவதாகத் தேர்வானார். அத்தகைய இழப்பில் கோபித்துக்கொள்ளப் போட்டிப் பல்கலைக்கழகம்கூட இல்லை. பள்ளியிலிருந்து நேரே தாவும் வழியை 2006 முதல் என்பிஏ அடைத்தது. 2007-இல் முழங்கால் சிதைந்து, தேறி, பல அணிகள் மாறிய லிவிங்ஸ்டன், பின்னாளில் கோல்டன் ஸ்டேட் அணியில் கரியோடு சேர்ந்து மூன்று பட்டங்கள் வென்றார். ஒரு பல்கலைக்கழகம் மறுத்தவரும், ஒரு பல்கலைக்கழகத்தை மறுத்தவரும் ஒரே சட்டையில்.

கிடைத்தால் மட்டும் என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. 1979-இல் நாடே விரும்பிய ஏழடி நான்கங்குல ரால்ஃப் சாம்ப்சன், கெண்டக்கியை விட்டு வர்ஜீனியாவைத் தேர்ந்தெடுத்தார். நான்கு ஆண்டுகள் இருந்தார். மூன்று முறை நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். தேசியப் போட்டியின் பட்டம் ஒன்றுகூட இல்லை. அப்போட்டியில் வர்ஜீனியாவின் முதல் பட்டம் அவர் போய் 36 ஆண்டுகள் கழித்து, 2019-இல் வந்தது. இதைச் சொல்லி அன்று ஆய்வேட்டு நண்பரைத் தேற்ற முயன்றோம். "நான்கு வருடம் கண்ணால் பார்த்தார்களே" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இன்று ஆட்டத்தின் விதிகளே மாறிவிட்டன. 2018-இல் கல்லூரி மாறுவோருக்கான பதிவேடு வந்தது. 2021 முதல் ஓராண்டு வெளியே உட்காராமலே மாறலாம். பெயரையும் முகத்தையும் வைத்து ஆட்டக்காரர்கள் பணம் ஈட்டவும் அதே ஆண்டு வழி பிறந்தது. அந்தப் பழைய கையெழுத்து ஒப்பந்தம் 2024-இல் ஒழிக்கப்பட்டது. 2025 முதல் பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. பதினேழில் மறுத்தவன் இருபதில் தானே கதவைத் தட்டக்கூடும். ஆரவாரத்தோடு வந்தவன் ஏப்ரலில் பெட்டியைக் கட்டக்கூடும். உழைப்பவனுக்குக் கூலி கிடைப்பதில் எங்களுக்கு முழுச் சம்மதம். அதை முன்பே செய்திருக்க வேண்டும். ஆனால் வராதவனை எண்ணி ஆண்டுக்கணக்கில் ஏங்கும் அந்தப் பழைய நோய்க்கு இனி அவ்வளவு அவகாசம் இருக்காது.

ஏழடிக்காரன் வராததால் காலியாகவே நின்ற எங்கள் பதின்மூன்றாவது இடம் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. பயிற்சியாளர் அதை, இரண்டு ஆண்டுகளாகச் சொந்தச் செலவில் அணியில் இருந்து, பயிற்சியில் இடிபட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவனுக்கு அவ்வாண்டுக்கு மட்டும் கொடுத்தார். கல்விக்கடன் வாங்கிப் படித்தவன். எங்களில் ஒருவர் கணிதத் துறையில் அவனுக்குப் பாடம் நடத்தியவர். செய்தி தெரிந்த நாளில் அவன் வீட்டுப்பாடத்தைக் கொடுக்க வந்து, எதுவும் பேசாமல் இரண்டு முறை கைகுலுக்கிவிட்டுப் போனதாகச் சொன்னார். அந்தப் பருவத்தில் அவன் ஆடியது அதிகம் போனால் பத்து நிமிடம். ஒரே ஒரு கூடை போட்டான், அரங்கம் இரண்டுபட்டது.

புதிய ஏற்பாட்டை ஏற்ற பல்கலைக்கழகங்களில் அணிக்கு மொத்தமே 15 பேர்தான். அந்தப் பதினைந்து பேருக்கும் உதவித்தொகை தரலாம். வரிசையின் கடைசியில் சொந்தச் செலவில் உட்கார்ந்திருந்தவர்களின் நாற்காலிகள் குறைந்து வருகின்றன.