பைக்குள் கிடந்த கதைகள்

சிறுகதைப் போட்டிக்கு நான் முதன்முதலில் அனுப்பிய கதையில் ஒரு முதியோர் இல்லம் வந்தது. வெளிநாட்டில் மகன், ஜன்னலோரம் காத்திருக்கும் தாய், கடைசி வரியில் சாவு. எழுதி முடித்து நானே அழுதேன். முடிவு வந்தபோது ஆறுதல் பரிசுப் பட்டியலில்கூட என் பெயர் இல்லை. நடுவர்களுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று சில மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போட்டி என்றாலே எனக்கு உமாசந்திரனைத்தான் காட்டுவார்கள். 1966இல் கல்கி வெள்ளிவிழா நாவல் போட்டியில் 'முள்ளும் மலரும்' முதல் பரிசு பெற்றது; 1978இல் மகேந்திரன் அதைப் படமாக்கினார். ஒரு கவர், கொஞ்சம் தபால்தலை, அப்புறம் சினிமா என்று நானும் கணக்குப் போட்டிருந்தேன்.

பல வருஷம் கழித்து, ஒரு போட்டியின் முதல் சுற்றுக் கதைகளைப் படித்துத் தரச் சொன்னார்கள். கட்டைப் பை நிறையக் கதைகள். பெயர், முகவரித் தாள்களை எடுத்துவிட்டிருந்தார்கள். முதல் நாள் ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்தேன். மூன்றாம் நாள் முதல் பக்கம் தாண்டுவதற்குள் முடிவு தெரிந்துவிட்டது. முதியோர் இல்லக் கதைகள் மட்டும் தனி அடுக்காகச் சேர்ந்தன. முக்கால்வாசியில் அதே ஜன்னல்! என் அம்மாவும் எவரோ ஒருவரின் பைக்குள் இப்படித்தான் பத்தோடு பதினொன்றாகக் காத்திருந்திருப்பாள். அன்றைக்குத்தான் அந்த நடுவர்களை மன்னித்தேன்.

அந்தப் பையில் ஒரு இஸ்திரி வண்டிக்காரர் கதை இருந்தது. சலவைக்கு வந்த சட்டைப் பையில் ஒரு மருந்துச் சீட்டு. கொடுப்பதா, பார்க்காததுபோல் இருப்பதா என்று நாள் முழுக்கத் தவிக்கிறார். அவ்வளவுதான். ஈரக் கரி பற்ற மறுக்கும் காலையைப் பற்றி அதில் ஒரு பத்தி வரும். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடியது. நான் அதற்குத்தான் அதிக மதிப்பெண் போட்டேன். இறுதிச் சுற்றில் அதற்குப் பரிசு இல்லை. முடிவு சப்பென்று இருக்கிறதாம்.

ஆகவே பரிசை அளவுகோலாக நான் எடுப்பதில்லை. 1970இலிருந்து மாதம் ஒரு கதையைத் தேர்ந்தெடுத்த 'இலக்கியச் சிந்தனை'க்கு யாரும் கதை அனுப்பி மனுப்போட வேண்டியதில்லை. பத்திரிகைகளில் வந்தவற்றிலிருந்தே எடுப்பார்கள். அங்கேயும் தேர்ந்தெடுப்பவருக்கு ஒரு ருசி இருக்கத்தானே செய்யும்?

உருப்படியாக எனக்குக் கிடைத்தது சொல் வரம்பு. 1,200 சொல்லுக்குள் கேட்டார்கள். என்னிடம் இருந்தது 1,900. முதலில் மழை போனது. அப்புறம் பழைய நினைவு ஒன்றரைப் பக்கம். அப்படியும் எண்பது சொல் மிச்சம். இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கதையை விளக்கிக்கொண்டிருந்த கடைசிப் பத்தியை அடித்தேன். கதை அதற்கு முன்பே முடிந்திருந்தது. அதற்கும் பரிசு வரவில்லை. இருந்தாலும், நான் எழுதியவற்றில் கூசாமல் திரும்பப் படிக்க முடிந்த முதல் கதை அதுதான்.

அனுப்புகிறவர்கள் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பிரதியைத் திருப்பித் தர மாட்டார்கள். பரிசுக் கதைகள் அச்சில் வரும்போது பக்கத்தில் வைத்துப் படிக்க அது வேண்டும்.