மெதுவா எப்பட்றா கத்துவ?

“பாண்டோமைம் பாக்கப் போறோம்மா” என்று சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றுதான். “இன்னாடா அது, ஊம டிராமாவா?”

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் இன்ஜினியரிங் காலேஜ் கல்ச்சுரல்ஸில் ‘மைம்’ என்று ஒரு போட்டி உண்டு. முகம் முழுக்க வெள்ளை பெயின்ட், கறுப்பு டிஷர்ட், கையில் வெள்ளை கிளவுஸ். ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் காற்றில் சுவரைத் தடவுவார்கள். கடைசியில் மரத்தை வெட்டாதே, அல்லது குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்று முடியும். பாண்டோமைம் என்பது அதற்கே இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் வைத்த பெயர் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் நேர் எதிர். பிரிட்டனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் போடும் பாண்டோமைம் மாதிரி சத்தமான நாடகம் இன்னொன்று இருக்காது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியக் கோமாளி நாடகத்திலிருந்து வந்த பாத்திரங்களை வைத்து லண்டன் மேடைகளில் பேச்சில்லாமல் ஆடினார்கள். பெயர் அப்போது ஒட்டியது. பிறகு பேச்சு வந்தது, பாட்டு வந்தது, பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. எங்கள் ஆபீஸ் கோடில் இப்படிப் பத்து வருடம் முன்னால் வைத்த பெயரில் முழுக்க வேறு வேலை பார்க்கும் ஃபங்ஷன்கள் நிறைய உண்டு. யாரும் தொட மாட்டோம்.

இன்றைக்குப் பாண்டோ என்றால் சிண்ட்ரெல்லா, அலாவுதீன் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை. நடுநடுவே பாட்டு, கடி ஜோக், அந்த வருடத்துப் பெரிய மனிதர்களைப் பற்றிய கிண்டல். ஒரு ஆண் பெரிய கவுன் மாட்டிக்கொண்டு நாயகனின் அம்மாவாக வருவார். அந்தப் பாத்திரத்துக்கு ‘டேம்’ என்று பெயர். அலாவுதீனின் அம்மா பீக்கிங்கில் சலவைக் கடை நடத்தும் விடோ ட்வாங்கி. 1861இல் ஹென்றி பைரன் எழுதிய அலாவுதீனில் அந்தப் பெயர் வந்து அப்படியே நிலைத்துவிட்டது. நாயகனாகப் பெண் நடிப்பதும் பழைய வழக்கம். வில்லன் வந்தால் கூட்டம் ‘பூ...’ என்று கூவ வேண்டும். வில்லன் பின்னால் பதுங்கி வரும்போது “ஹி இஸ் பிஹைண்ட் யூ!” என்று கத்த வேண்டும். நாயகன் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் ஒளிந்துகொள்வான். “ஓ நோ, ஹி இஸ்ன்ட்” என்பான் நாயகன். “ஓ யெஸ், ஹி இஸ்!” என்று கூட்டம் திருப்பிக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் நாடகம் நகராது.

இதைப் படித்த அன்றைக்குத்தான் பாப்பாவை அழைத்துப் போவது என்று முடிவு செய்தேன்.

பாப்பா என் அக்கா மகள். ஒன்பது வயது. அந்த நவம்பரில் மூன்றாவது தடவையாக அவள் ஸ்கூல் டைரியில் ஒரு குறிப்பு வந்திருந்தது. வகுப்பில் மிகவும் சத்தமாகப் பேசுகிறாள், வீட்டில் கவனிக்கவும். அக்கா கவனித்தாள். முதுகில் ஒன்று வைத்தாள். அதற்கு அவள் அழுத அழுகையும் ரொம்ப சத்தமாகத்தான் இருந்தது.

புளியந்தோப்பில் மெதுவாகப் பேச யாரும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருவதில்லை. பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் போய்க்கொண்டே இருக்கும். தண்ணி லாரி வந்தால் மூன்றாவது மாடியிலிருந்து கீழே கூவித்தான் குடத்தை வரிசையில் வைக்கச் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் கானா, கல்யாண வீட்டில் செண்டை, ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது ஸ்பீக்கர். டிசம்பரில் பாதி வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கும், மீதி வீட்டில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு டிரம்ஸோடு கேரல் ரவுண்ட்ஸ் வரும். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா குத்தாட்டம் போட்டுக்கொண்டே வந்து மிட்டாய் வீசுவார். இதற்கு நடுவே யாராவது மெதுவாகப் பேசினால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

ஆனால் எங்கள் சத்தத்துக்கு வெளியில் வேறு பெயர். இணையத்தில் புளியந்தோப்பு என்று தேடினால் 1921 வரும். பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தின்போது இங்கே நடந்த மோதலைத் தொழிற்சங்க வரலாறு ஒரு மாதிரியும் தலித் வரலாறு இன்னொரு மாதிரியும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கின்றன. சினிமாவில் தேடினால் ரவுடி வருவான், அவனும் கத்திக்கொண்டேதான் வருவான். டைரியில் எழுதிய டீச்சர் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார். நான் யோசித்தேன்.

*

1991இல் ஆயிஷா ராவ் தொடங்கிய ‘தி லிட்டில் தியேட்டர்’ பல வருடங்களாக டிசம்பரில் சென்னையில் பாண்டோமைம் போட்டுவருகிறது. எழும்பூர் மியூசியம் தியேட்டரில். உடன் வேலை பார்க்கும் ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போஸ்டரைப் பார்த்தேன். அன்று ராத்திரியே ஒரு கூகுள் ஷீட் திறந்துவிட்டேன். தொழில் புத்தி. ஆறு வரிசை: அம்மா, அக்கா, பாப்பா, அதே மாடியில் இருக்கும் அவளுடைய இரண்டு சிநேகிதிகள், நான். மேலே பத்திகள்: டிக்கெட், எப்படிப் போவது, சாப்பாடு, என்ன போட்டுக்கொள்வது, சொல்லிவைக்க வேண்டியது.

டிக்கெட் பத்தியில் அக்கா நின்றாள். “ஆறு பேருக்கு இவ்ளோவா? இந்தக் காசுல நாலு பேருக்கு டிரெஸ் எடுக்கலாம்டா.” நான் கட்டுகிறேன் என்றேன். “நீ கட்டுனா அது காசு இல்லியா?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அன்றைக்கே புக் செய்துவிட்டேன். இன்னும் ஒரு நாள் விட்டால் நானே மனசு மாறியிருப்பேன்.

போவது ஒரு பிரச்சினையே இல்லை. மேப் நாலைந்து கிலோமீட்டர் காட்டியது. சூளை வழியாக ஆட்டோ. இல்லையென்றால் பேசின் பிரிட்ஜில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடித்தால் அடுத்த ஸ்டேஷனே எழும்பூர். எங்களுக்குத் தெரியாத இடமும் இல்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் எழும்பூர் என்றால் மூன்று சொல்வார்கள்: குழந்தைங்க ஆஸ்பத்திரி, கோர்ட், ரயில்வே ஸ்டேஷன். காய்ச்சலுக்கோ, கேஸுக்கோ, ஊருக்கோ போவோம். டிராமாவுக்கு யாரும் போனதில்லை.

“எழும்பூர்ல எங்கடா?”

“மியூசியம் உள்ளம்மா.”

“செத்த காலேஜா?”

மியூசியத்துக்குப் பழைய மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர் அது. செத்த மிருகங்கள் இருக்கும் இடம் செத்த காலேஜ். சென்ட்ரல் பக்கம் இருந்த ஜூ உயிர் காலேஜ். உயிர் காலேஜ் 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டது, செத்தது மட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மா என்னையும் அக்காவையும் அங்கே கூட்டிப்போயிருக்கிறாள். ஸ்கூலில் ஒரு தடவை போயிருக்கிறேன். திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுப் புல்வெளியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். பக்கத்திலேயே இருந்த அந்தச் சிவப்பு வட்டக் கட்டடத்தில் 1896இலிருந்து ஒரு தியேட்டர் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அதற்கும் முன்னால், மியூசியம் 1854இல் அங்கே வருவதற்கு முன், அந்த இடத்துக்குப் பாந்தியன் என்று பெயர். பாந்தியன் ரோடு என்று இன்றும் இருக்கிறதே, அதிலிருந்து வந்ததுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனி அதிகாரிகள் அங்கே கூடி நடனம் ஆடினார்கள், நாடகம் போட்டார்கள். அந்த மண்ணில் நாடகம் இருநூறு வருடத்துக்கு மேல் பழசு. நாங்கள்தான் புதுசு.

*

கடைசிப் பத்திக்கு வந்தேன். சொல்லிவைக்க வேண்டியது. மடமடவென்று டைப் செய்தேன். உள்ளே சாப்பாடு எடுத்துப் போகக் கூடாது. ஃபோன் சைலண்ட். எல்லோரும் ஷூ. நடுவில் எழுந்திருக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பிள்ளைகளையும் மொட்டை மாடியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். பாப்பா ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வரியில் கையைத் தூக்கினாள்.

“மாமா, கத்துற டிராமான்னு சொல்லித்தான கூட்டிட்டுப் போறே? அப்புறம் எதுக்குக் கத்தக் கூடாது?”

நான் ஃபோனைப் பார்த்தேன். நான் எழுதியதுதான். கத்தினால்தான் நாடகம் நகரும் என்று படித்து, அதற்காகவே டிக்கெட் எடுத்து, சத்தம் போடக் கூடாது என்று அதே கையால் டைப் செய்திருக்கிறேன். யோசித்துக்கூட எழுதவில்லை. விரல் தானாகப் போயிருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். காலேஜ் மூன்றாம் வருடம் முதல் தடவையாக ஒரு இங்கிலீஷ் நாடகத்துக்குப் போனேன். ஒரு ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்தேன், காட்சி முடிந்ததும் விசில் அடித்தேன். முன்வரிசையில் இருந்த அம்மையார் ஒருவர் திரும்பினார். ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். கூட வந்த நண்பன் என் தொடையில் கையை வைத்து, “டேய், இது அபிராமி தியேட்டர் இல்லடா” என்றான். அதற்கப்புறம் நான் பழகிக்கொண்டேன். இன்டர்வியூவில் எந்தக் குரலில் பேச வேண்டும், கேன்டீனில் எவ்வளவு சிரிக்க வேண்டும், எந்த ஏரியா என்று கேட்டால் ‘பெரம்பூர் பக்கம்’ என்று எப்படிச் சொல்ல வேண்டும், எல்லாம். பத்து வருடமாக மீட்டிங்கில் முதலில் மியூட் போடுவது நான்தான். டைரிக் குறிப்பு எனக்கு வந்ததே இல்லை. தேவைப்படவில்லை.

அந்த வரியை அழித்தேன். அழித்த பிறகு கத்திப் பழகலாம் என்று ஆரம்பித்தோம். ஒரு பெண் நாயகன், இன்னொருத்தி வில்லன், நானும் பாப்பாவும் கூட்டம். “ஓ யெஸ், ஹி இஸ்!” என்று பாப்பா கத்தியதில் எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வடாம் எடுக்க வந்த அம்மா ஓரமாக நின்று பார்த்துவிட்டு, “இதுக்காடா காசு குடுத்துப் போறீங்க?” என்றாள்.

அப்புறம் அவளே சொன்னாள்.

அம்மா பிறந்தது வந்தவாசிப் பக்கம் ஒரு ஊர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி முழுக்கக் கூத்து. கீசகன் கதை நடக்கும் ராத்திரி பிள்ளைகள் யாரும் தூங்க மாட்டார்களாம். திரௌபதி இருக்கிறாள் என்று நினைத்துக் கீசகன் மீசையை முறுக்கிக்கொண்டு வருவான். அங்கே புடவையால் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது பீமன்.

“நாங்க அத்தினி பேரும் கத்துவோம். யோவ், போவாதய்யா, அது பீமன்யான்னு. அவன் எங்களைப் பாத்து, போங்கடி, அது பொம்பளன்னுவான். இல்ல, பீமன்! பொம்பள! பீமன்! கட்டியங்காரன் வேற நடுவுல பூந்து, கொழந்திங்க சொல்லுது கேளேன்னுவான். தொண்ட கட்டிப்பூடும். மறுநா பேச்சே வராது.”

ஆண் புடவை கட்டிக்கொண்டிருக்கிறான். வில்லன் வருகிறான். மேடையில் இருப்பவனுக்குத் தெரியாதது கூட்டத்துக்குத் தெரிகிறது. இல்லை என்கிறான், ஆமாம் என்கிறார்கள். அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. கூட்டம் எச்சரிப்பது கெட்டவனை, அதுவும் அவன் கேட்க மாட்டான் என்ற தைரியத்தில். மற்றபடி நான் மூன்று வாரமாக இணையத்தில் தேடித் தேடிப் படித்தது முழுவதும் அம்மா ஏழு வயதில் பாயில் உட்கார்ந்து செய்தது. லண்டனிலிருந்து வந்தவாசிக்கு இதை யாரும் கொண்டுபோயிருக்க மாட்டார்கள். இருட்டில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு முன்னால் ஒருத்தன் ஏமாறுவதைப் பார்த்தால் கத்தத் தோன்றும், அவ்வளவுதான்.

“அப்ப நீயும் வாம்மா.”

“அன்னிக்கி கேரல் வர்றாங்க. வூட்ல ஆள் வோணும்” என்றாள் அம்மா. வடாம் தட்டைத் தூக்கிக்கொண்டு, “முட்டி வேற வலிக்குது” என்றாள். கடைசியாகத்தான் உண்மையான காரணம் வந்தது. “அங்கல்லாம் இன்னா கட்டினு வர்றது?”

என் ஷீட்டில் அதற்கும் ஒரு பத்தி இருந்தது. ஷூ என்று எழுதியிருந்தேன்.

*

போன கதை சின்னதுதான். அம்மாவின் டிக்கெட்டில் எதிர்வீட்டுப் பையன் வந்தான். ஆட்டோ பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. இருக்கைகள் வளைந்து படிப்படியாக ஏறிப் போக, மேடை கீழே கிணறு மாதிரி இருந்தது. முன்னால் இருந்த பிள்ளைகளுக்குப் பழக்கம் போலிருக்கிறது. முதல் ‘பிஹைண்ட் யூ’வுக்கே சரியாகக் கத்தினார்கள். எங்கள் வரிசையில் நான்கு பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா மேடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தலாமா?

தலையாட்டினேன். அவள் இன்னும் பார்த்துக்கொண்டேயிருந்தாள். தலையாட்டுவது போதாது என்று அப்போது புரிந்தது. நான் கத்த வேண்டும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. முன்வரிசையில் யாருடைய பின்னந்தலை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவை வில்லன் வந்தபோது பாப்பா எனக்காகக் காத்திருக்கவில்லை. “யோவ், பின்னாடி பாருய்யா!” என்றாள். மூன்றாவது மாடியிலிருந்து கீழே கூவும் குரல். இரண்டு வரிசை தள்ளி யாரோ சிரித்தார்கள். யாரும் திரும்பி முறைக்கவில்லை. அதற்கடுத்து நானும் கத்தினேன்.

திரும்பி வரும்போது எங்கள் தெருவில் கேரல் வந்திருந்தது. டிரம்ஸ் சத்தத்தில் ஆட்டோக்காரரிடம் எவ்வளவு என்று மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

“கத்துனியாடி?”

“கத்துனேன் ஆயா!” பாப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

“நீ?”

“கத்துனேம்மா. மெதுவா.”

“மெதுவா எப்பட்றா கத்துவ?” என்றாள் அம்மா.